புள்ளிக்கோடு

வம்சாவளிப் படத்தில் எல்லாக் கோடும் போட்டு முடித்து, கோமதிக்கு மேலே வர வேண்டிய ஒரே ஒரு கோடு மட்டும் பாக்கி இருக்கும்போது கரண்டு போனது. அதற்குச் சற்று முன்னால்தான் பேனர் கடை ஷமீமா மவுஸைப் பிடித்தபடி திரும்பி, "சார், இது முழுக்கோடா, புள்ளிக்கோடா?" என்று கேட்டிருந்தாள். குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். என்ன சொல்லத் திறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் மின்விசிறி தளர்ந்தது, யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது, அவள் அவசரமாகப் படத்தைச் சேமித்துக் கம்ப்யூட்டரை அணைத்தாள். நாளைக் காலை குடும்பக் கூட்டத்துக்குக் கல்யாண மண்டபத்தில் கட்ட வேண்டிய பேனர், அவருடைய நாலு வருஷத்து அலைச்சல், கருப்பாகிப் போன அந்தத் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்ற மனுஷர், கரண்டு போனதற்காக மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"உங்க ஆளுகதானே சார், ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் ஷமீமா. கேட்டார். சாரல் காற்றில் மரக்கிளை ஒடிந்து கம்பியில் கிடக்கிறது, எடுத்ததும் வந்துவிடும் என்று பதில் வந்தது. எடுத்ததும் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தென்காசியில் பாதிப் பேருக்கு அவரே சொல்லி அனுப்பிய வார்த்தை அது. "அப்ப நான் அசர் தொழுதுட்டு வந்துருதேன் சார். நீங்க வாசல்ல காத்தாட இருங்க" என்று அவள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள். அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். தெருவில் சாரல் விழுந்துகொண்டிருந்தது, நனைக்கிற மாதிரியும் இல்லாமல், சும்மா விடுகிற மாதிரியும் இல்லாமல். எதிரே மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மாட்டுப்பொடி என்று பலகையை ஒரு தடவை வாசித்தார். முழுக்கோடா, புள்ளிக்கோடா. மறுபடி வாசித்தார். கண் எங்கே மேய்ந்தாலும் மனசு அந்த ஒரே கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று யோசித்தால் அவருக்கே சிரிப்புத்தான் வரும். ஓய்வு பெற்ற புதிதில் மற்றவர்கள் கோயில் கோயிலாகப் போனார்கள், சிலர் மாடியில் ரோஜா வளர்த்தார்கள். இவர் ஒரு துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் தன் அப்பாவின் அத்தை பேரன் என்று தெரிந்துகொண்டு வந்தார். அன்றைக்கு வந்த சந்தோஷம்தான். தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பேரை இன்னொரு பேரோடு கொண்டுபோய் இணைத்துவிட்டால், இருண்டு கிடந்த தெருவில் விளக்கு எரிகிறபோது வருமே, அதே நிறைவு. அப்புறம் என்ன, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி என்று அலைந்து சொந்தக்காரர்களின் உயிரை எடுத்தார். குத்தாலிங்கம் மாமா போன் வந்தால் எடுக்காதே, செத்தவங்க பேரெல்லாம் கேட்பார் என்று சின்னஞ்சிறுசுகள் சொல்லிக்கொள்வது அவர் காதுக்கும் வந்தது. அவர் மனைவி உலகம்மாள் இன்னும் ஒரு படி மேலே. "உயிரோட இருக்கவுகளை ஒரு வார்த்தை விசாரிக்கக் காணும், செத்தவுகளைத் தேடிக்கிட்டுத் திரியுதாவ" என்பாள், சொல்லிக்கொண்டே வழிப்பயணத்துக்குப் புளியோதரை கட்டுவாள். அவள் இல்லையென்றால் அந்தப் படத்தில் பாதிக் கட்டம் காலிதான். ஆண்பிள்ளைகளிடம் கேட்டால் ஒன்றும் பெயராது, "இருந்தாருப்பா" என்று முடித்துவிடுவார்கள். உலகம்மாள் அடுப்படிக்குள் போய்ப் பெண்பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்து, வரும் வழியில் பஸ்ஸிலேயே மூன்று தலைமுறையை ஒப்பிப்பாள். இது கிறுக்கு என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து பிடித்த கிறுக்கு.

புள்ளிக்கோடு என்கிற சனியனும் அவரே கொண்டுவந்ததுதான். நிச்சயமாகத் தெரிந்த உறவுக்கு முழுக்கோடு, யாரோ சொல்லி இன்னும் உறுதியாகாததற்குப் புள்ளிக்கோடு. பென்சிலால் போட்டு வைத்து, உறுதியானதும் பேனாவால் இழுத்துவிடுவார். அதைப் பார்த்து ஆவுடையப்பன் அண்ணன் எத்தனை பாராட்டியிருக்கிறார். அண்ணன் என்றால் பெரியப்பா மகன், குடும்பத்துக்கு மூத்தவர், நாளைய கூட்டத்துக்கு மண்டபம் பிடித்ததும் சாப்பாட்டுக்குச் சொன்னதும் அவர்தான். பேனரின் தலைப்பும் அவர் வைத்தது: நல்லபெருமாள் வம்சாவளி. நல்லபெருமாள் ஊருக்குக் குளம் வெட்டியவர். குளம் இன்றைக்கும் அவர் பேரில் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. அவருக்கு ஒரே மகன் பெரியசாமி, குற்றாலிங்கத்தின் பூட்டன். பெரியசாமிக்குப் பிள்ளைகள் ஏராளம், அதிலிருந்து கிளைத்துக் கிளைத்து இன்றைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். இன்று காலை அண்ணன் போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார். "எல, கோமதிக்குப் புள்ளிக்கோடுதானே போடுதே?" குற்றாலிங்கத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "எனக்கு அவமேல பாசம் இல்லேன்னு நினைச்சிராத. பாசம் வேற, வம்சாவளி வேற. சரித்திரம்னா சரியா இருக்கணும்லா? எடுத்து வளத்த பிள்ளைக்கு முழுக்கோடு போட்டா நாளைக்கு மத்த கோட்டை எவன் நம்புவான்? நீ வச்ச விதிதானடே." இவர் என்ன சொன்னார்? "பாக்கேண்ணே" என்றார். பாக்கேண்ணே. அதைச் சொன்ன நாக்கை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வந்தது. சந்தேகம் இருந்தால்தானே புள்ளி, இதில் என்னண்ணே சந்தேகம் என்று கேட்டிருக்க வேண்டாமா. போனை வைத்து, பல் விளக்கி, காப்பி குடித்த பிறகுதான் அந்தப் பதில் வந்து நின்றது. அவருக்கு எப்போதும் இப்படித்தான், பதில் பிந்தித்தான் வரும்.

ஆனால் அண்ணன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ என்று உள்ளே ஒரு மூலையில் முனகிக்கொண்டிருந்ததுதான் அவரை வதைத்தது. விதி விதிதானே. பாலுச்சாமி வகையறாவை ஒரு ஆதாரமும் இல்லை என்று புள்ளியில் நிறுத்தி வைத்தவர் அவர்தானே, அவர்கள் எத்தனை கெஞ்சினார்கள். தன் மகளுக்கு என்றால் மட்டும் பேனாவா? நாளைக்குக் கோமதி வருவாள். மதுரையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் கிளம்புகிறாள், வங்கியில் விடுப்புச் சொல்லிவிட்டாளாம். வந்ததும் நேரே பேனர் முன்னால்தான் போய் நிற்பாள், அவளுக்குத்தான் அப்பாவின் கிறுக்கில் பாதி ஒட்டியிருக்கிறதே. விரலை வைத்து மேலேயிருந்து இறங்கி வருவாள், நல்லபெருமாள், பெரியசாமி, இவருடைய தாத்தா, அப்பா, இவர், அப்புறம் விரல் புள்ளி புள்ளியாக இறங்கும். அழமாட்டாள். கோபப்படவும் மாட்டாள். சிரித்துக்கொண்டு, "சரியாத்தானப்பா போட்டிருக்கீங்க" என்பாள், அவர் மனசு நோகக்கூடாது என்று. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தார். திட்டினால்கூடத் தாங்கலாம்.

அவள் வந்த நாளும் இதே போல சாரல் பெய்த நாள்தான். நாகர்கோவில் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கையெழுத்தெல்லாம் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வாங்கிக்கொண்டு என்ற வார்த்தை சரியில்லை. கூட்டிக்கொண்டு. பச்சைப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டா? சரி, தூக்கிக்கொண்டு. உலகம்மாள் மடியில் அது கிடந்தது, இவருக்குத் தொடப் பயம், தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது போலத் தள்ளி உட்கார்ந்திருந்தார். வள்ளியூரில் பஸ் நின்றபோது பால் வாங்க இறங்கினார். சூடு சரியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் நகர்ந்துவிட்டது. இவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், உலகம்மாள் ஜன்னல் வழியாகப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓலமிடுகிறாள், கண்டக்டர் விசிலைத் தேடுகிறார், பிள்ளை மட்டும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் இவர் ஓடுவதைக் கண்ணெடுக்காமல் வேடிக்கை பார்க்கிறது. இந்த ஆள் வந்து சேருவான் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? பஸ் நின்றது, ஏறினார், மூச்சிரைக்க உட்கார்ந்தார், பிள்ளை கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில்தான் அவர் அப்பாவானார். ஊரில் வந்து இறங்கினால் பஸ் நிலையத்தில் ஆவுடையப்பன் அண்ணன் குடையோடு நிற்கிறார். முதலில் கை நீட்டி வாங்கியதும் அவர்தான், அவருடைய புது வேட்டியில் அது பாலைக் கக்கியதும் அப்போதுதான். "முத்திரை குத்திட்டாடே" என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். அந்த மனுஷர்தான் இன்றைக்குப் புள்ளி போடு என்கிறார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் தொல்லை.

மாட்டுப்பொடி விஷயத்தில்கூட அண்ணன்தான் வந்து நேராக்கினார். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுகிற கேலிதானே அது, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்பது. இவர்கள் வீட்டில் மட்டும் அதை மாட்டுப்பொடிக்கு வாங்கினோம் என்பார்கள். அடம்பிடிக்கிற பிள்ளை, கருப்பாகப் போன பிள்ளை, சாப்பிடாத பிள்ளை எல்லாம் மாட்டுப்பொடிக்கு வாங்கியதுதான். கோமதி இருக்கும்போது மட்டும் அத்தைமார் அந்தக் கேலியைச் சட்டென்று விழுங்கிவிடுவார்கள். அவளுக்கு விவரம் தெரியட்டும் என்று எட்டு வயதில் இவரும் உலகம்மாளும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னபோது, அவள் பிறந்த கதையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அதான் என்னைய மட்டும் மாட்டுப்பொடிக்கு வாங்குனோம்னு யாரும் சொல்ல மாட்டேங்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அதற்காக அழுதாள். எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிற கேலி தனக்குக் கிடைக்கவில்லை என்ற அழுகை. இவருக்கும் உலகம்மாளுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஆவுடையப்பன் அண்ணனிடம் சொன்னார்கள். அவர் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, "இவனுகளை எல்லாம் ஒரு கைப்பிடி மாட்டுப்பொடிக்கு வாங்குனோம். கோமதியை ரெண்டு மூடை குடுத்து வாங்குனோம். ஒசத்திச் சரக்கு" என்றார். அன்றைக்குக் கோமதி நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. உலகம்மாள். "ஏங்க, முடிஞ்சிட்டா?" கரண்டு இல்லை என்றார். "கரண்டு இல்லையா, உங்களுக்கு வாய் இல்லையா?" அவளிடம் காலையிலேயே எல்லாம் சொல்லியிருந்தார், அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, உங்க இஷ்டம் என்று ஒரே வார்த்தையோடு விட்டிருந்தாள். அந்த இஷ்டத்துக்கு என்ன கனம் என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா. இப்போதும் அதற்கு மேல் போகாமல், "சாரல் நல்லா விழுது, தண்ணி நிறைய வருதாம். நாளைக்குக் கூட்டம் முடிஞ்சு கோமதியையும் கூட்டிக்கிட்டு எல்லாருமா அருவிக்குப் போவோமா?" என்று கேட்டாள். போவோம் என்றார். "வரும்போது மல்லித்தழை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அருவிக்கு. இந்தத் தென்காசியில் பிறந்த குழந்தைகூடக் குத்தாலம் போறோம் என்றுதான் சொல்லும். உலகம்மாள் ஒருத்தி மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அருவி என்றே சொல்லிவருகிறாள். பஸ்ஸில் ஏறி "அருவிக்கு ரெண்டு" என்று டிக்கெட் கேட்டு, எந்த அருவி என்று கண்டக்டர் கேட்க, "உங்க பஸ் போற அருவி" என்று சாதித்திருக்கிறாள். புருஷன் பேர் குற்றாலிங்கம், குத்தாலம் என்று சொன்னால் பேரில் பாதியைச் சொன்னதாகிவிடுமாம். கோமதியும் அம்மாவைப் பார்த்து அருவி என்றே சொல்லிப் பழகி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்து, அப்புறமும் மாற்றிக்கொள்ளவில்லை. கோமதிக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் அருவி என்றுதான் சொல்லும், ஏன் என்று அதற்குத் தெரியாது. தாத்தா பேரே மறந்துபோன பிறகும் அந்த வீட்டில் குத்தாலம் இருக்காது, அருவிதான் இருக்கும். நினைத்தபோது அவருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எதிர்க்கடையில் ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு, "தவிடு நல்லா இருக்கா, புழு வச்சிருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு கை அள்ளிக் காட்டினார். குற்றாலிங்கம் பலகையை நிமிர்ந்து பார்த்தார். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. தவிடு என்றுதான் எழுதியிருந்தது. இத்தனை நேரம் அதை மாட்டுப்பொடி, மாட்டுப்பொடி என்றல்லவா வாசித்துக்கொண்டிருந்தார். மாட்டுப்பொடி என்று உலகத்தில் யார் சொல்கிறார்கள்? இவர்கள் வீட்டில் மட்டும்தான். உலகம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில், தொழுவத்துக்குப் போகும்போது தவிடு எங்கே இருக்கு அத்தை என்று கேட்டதற்கு, இவருடைய அம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாள். "அந்தப் பேச்சு நம்ம வீட்ல எடுக்கப்படாதுட்டி. மாட்டுப்பொடின்னு சொல்லு." ஏன் அத்தை என்று கேட்டதற்கு அம்மாவுக்கே பதில் தெரியவில்லை, என் மாமியார் அப்படித்தான் சொன்னாள் என்றாள். இவரும் அங்கேதான் நின்றார். ஏதோ வீட்டு வழக்கம் என்று விட்டுவிட்டார். அருவி. மாட்டுப்பொடி. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சொல்லக்கூடாத வார்த்தை என்றால் அதற்குள் சொல்லக்கூடாத ஒரு பேர் இருக்கிறது. யாரோ ஒரு மருமகள், யாரோ ஒரு மாமனார். பெரியசாமி என்ற பேரில் எந்த வார்த்தையும் சிக்கவில்லையே. பெரியசாமி. அந்தப் பேரை அவருக்குச் சொன்னது யார்? செங்கோட்டை பேராச்சி அத்தை. என்ன சொன்னாள்? "எங்க தாத்தாவைப் பெரியசாமின்னுதான் சொல்லுவோம்." கடையநல்லூர் சித்தி என்ன சொன்னாள்? "பெரியசாமின்னு சொல்லுவாவ." யாருமே அவர் பேர் பெரியசாமி என்று சொல்லவில்லை. சொல்லுவோம் என்றார்கள், சொல்லுவாவ என்றார்கள். அடுப்படியில் உட்கார்ந்து உலகம்மாள் கேட்ட அத்தனை பேருமே பெண்பிள்ளைகள், மாமனார் பேரை வாயால் எடுக்காத பெண்பிள்ளைகளின் மக்கள். வீட்டின் பெரிய சாமி என்று மரியாதைக்குச் சொன்னதைப் பேர் என்று நினைத்து, நாலு வருஷமாகக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்துக் கொண்டாடியிருக்கிறார். தேடித் தேடி அலைந்தவருக்குத் தன் வீட்டுத் தொழுவத்தில் கிடந்தது கண்ணில் படவில்லை.

ஆவுடையப்பன் அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே, நம்ம வீட்ல தவிடுன்னு ஏன் சொல்லக்கூடாது?" மறுமுனையில் அண்ணன் பதறினார். "எல, அந்தச் சொல்ல ஏன் எடுக்க? எங்கம்மா கரண்டியால அடிச்சிருக்கா அதுக்கு." காரணம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே, தவிடுன்னு வாற மாதிரி ஒரு பேரு, வெளியாளுக யாராவது சொல்லிக் கேட்டிருக்கேளா?" அண்ணன் குரல் மாறி வந்தது. "நம்ம கீழவயல் இருந்துதுல்லா. அதை நம்ம வீட்டுப் பொம்பளைக பெரியவுக வயல்னு சொல்லுவாவ. உழவுக்கு வாறவனுவ தவிட்டான் வயல்னு சொல்லுவானுவ. சின்னப்பிள்ளையில நான் அதை ஏதோ நெல்லு விளையாத வயலுக்குப் பேருன்னு நினைச்சுக்கிட்டேன்." சொன்னவரே மெல்லக் கேட்டார். "தவிட்டான்னு யாருக்குடே பேரு வைப்பாவ?" அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகிற வீட்டில், அடுத்ததைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டான் என்று. "அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணன் அவசரமாக. "இருக்கலாம். பஞ்ச காலமா இருந்தா, பெத்தவுக நிஜமாவே தவிட்டுக்குக் குடுத்துட்டுப் போனதும் உண்டுல்லாண்ணே. நல்லபெருமாளுக்குப் பிள்ளை இல்லாம எடுத்து வளத்திருக்கலாம்." அண்ணன், "எதுடே நிஜம்?" என்று கேட்டார், பாவமாக இருந்தது. "தெரியாதுண்ணே. தெரிஞ்ச ஒரு ஆளும் இப்ப இல்ல." அண்ணன் நீளமாக மூச்சு விட்டது இங்கே கேட்டது. "அப்ப அந்த மேல்கோடு?" என்றார். பிறகு அவரே, "நீ பாத்துச் செய்டே. காலையில நான் கேட்டது ஒண்ணையும் மனசுல வச்சிக்கிடாத" என்று வைத்துவிட்டார்.

அந்த மேல்கோடு. அண்ணன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நல்லபெருமாளிலிருந்து இறங்கும் ஒரே கோடு அது, மொத்தக் கூட்டமும் அதில்தான் தொங்குகிறது. தவிட்டான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா பொத்த வருவாள் என்று வாய் ஒரு கணம் தயங்கியது. நல்ல பேராகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளையோ வந்த பிள்ளையோ, அவன் மருமக்கள் அவன் பேர் பட்டுவிடக்கூடாது என்று ஒரு வார்த்தையையே வீட்டை விட்டு விலக்கி வைத்திருக்கிறார்கள், காரணம் மறந்த பிறகும் கரண்டியால் அடித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைவிட ஒருவனை எப்படிச் சொந்தம் என்று சொல்வது? நல்லபெருமாளும் அவனை எங்காவது ஒரு வெயிலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்திருப்பாரோ, தொடப் பயந்து பயந்து. தெரியவில்லை. தெரியாது என்பதே இத்தனை லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாரல் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் படத்தில் அவருக்கு என்னதான் தெரியும்? அப்பாவைத் தாத்தா பெற்றதை அவர் பார்த்தாரா, தாத்தாவைப் பூட்டன் பெற்றதைப் பார்த்தாரா, ஏன், தான் பிறந்ததைத்தான் பார்த்தாரா? எல்லாம் சொன்னார்கள். நம்பினார். நம்பியதில் தப்பும் இல்லை, அன்போடு சொன்னதை அன்போடு நம்பியதுதான். ஆனால் பேனாவால் இழுக்கிற கோடா அது? உறுதியானதற்குத்தானே பேனா?

உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. ஷமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். படம் ஒவ்வொரு கட்டமாக மேலிருந்து கீழே வந்து நின்றது. "சொல்லுங்க சார், கடைசிக் கோடு."

"அதுக்கு முந்தி பெரியசாமிங்கிற பேரை எடுத்துட்டுத் தவிட்டான்னு போடும்மா."

"தவிட்டானா? பேரா சார் இது?"

"எங்க பூட்டன் பேரு." சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "அப்புறம், முழுக்கோடு எல்லாத்தையும் புள்ளியாக்கிரும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையுமா? அவ்வளவும் சந்தேகமா சார்?"

"சந்தேகம் இல்லம்மா. எல்லாம் எனக்குச் சொல்லிக் கேட்டது. பேனருக்குப் பக்கத்துல ஒரு மார்க்கர் பேனா கட்டித் தொங்க விடுதேன். நாளைக்கு வாறவுக அவுகவுக கண்ணால பாத்த கோட்டை அவுகளே முழுசா இழுத்துக்கிடட்டும்."

ஷமீமா சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு தட்டினாள். நல்லபெருமாளிலிருந்து இறங்கிய கோடு புள்ளியானது, தவிட்டானிலிருந்து பிரிந்த கிளைகள் புள்ளியாயின, ஆவுடையப்பன் அண்ணன் புள்ளியில் தொங்கினார், இவரும் தொங்கினார். அவள் கீழே இறக்கிக்கொண்டே வந்து குற்றாலிங்கம், உலகம்மாள் என்ற கட்டங்களில் நிறுத்தினாள். அதற்குக் கீழே கோமதி கோடில்லாமல் நின்றாள்.

"அப்ப இதுவும் புள்ளிதானே சார்?"

"இது முழுக்கோடு" என்றார். "இதுக்கு நான் சாட்சி."